எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை எந்த ஃபார்மட்டில் போடுவது? கோப்பு நேரத்தின் துல்லியத்தை வைத்து ஓர் ஒப்பீடு

ஒரு கோப்பைக்கூடத் தொட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் பேக்கப் ஓடும்போதெல்லாம் மொத்த டிஸ்க்கும் மறுபடி காப்பி ஆகும். இதற்கு நேரெதிரான புகாரும் உண்டு. நிரலைத் திருத்திச் சேமித்த பிறகும் மாறிய கோப்புகளை மட்டும் கம்பைல் செய்யும் ‘மேக்’ (make) கருவி எதையும் மீண்டும் கம்பைல் செய்யாது, பழைய பைனரியே ஓடும். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று டிஸ்க்கில் எழுதியிருக்கும் நேரத்தை நம்பித்தான் இந்தக் கருவிகள் முடிவெடுக்கின்றன. அந்த நேரம் எவ்வளவு நுணுக்கமாக எழுதப்படும் என்பது டிஸ்க்கின் ஃபார்மட்டைப் பொறுத்தது.

புது டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறுமா, ஆப்பிளின் மேக் கணினியில் திறக்குமா என்று எல்லோரும் பார்க்கிறோம். நேரத்தை எப்படி எழுதும் என்று பார்ப்பவர்கள் குறைவு. பேக்கப்புக்கோ, சிங்க் செய்வதற்கோ, நிரல் எழுதுவதற்கோ அந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதையும் பார்த்தே தீர வேண்டும்.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதலில் நுணுக்கம். இரண்டு வினாடிக்கு ஒரு படியா, நூறில் ஒரு வினாடியா, நானோ வினாடியா என்பது.

அடுத்தது நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதப்படுகிறதா, உள்ளூர் நேரத்திலா என்பது. நுணுக்கத்தைவிட இதையே மேலாக வைப்பேன். இரண்டு வினாடி பிசகை ஒரு செட்டிங்கில் சரிக்கட்டலாம். ஐந்தரை மணி நேரப் பிசகை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

மூன்றாவது, எழுதும் கடிகாரம். டிஸ்க்கில் ஒன்பது தசம இலக்கத்துக்கு இடம் இருக்கலாம். ஆனால் இயங்குதளம் அந்த இடத்தில் எழுதும் எண் அவ்வளவு துல்லியமானதாக இருக்க வேண்டியதில்லை. திரையில் தெரியும் இலக்கங்களைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

நான்காவது, எந்தெந்தக் கணினியில் அந்த டிஸ்க்கில் எழுத முடியும் என்பது. கடைசியாக, மறைவாக வந்து சேரும் செலவுகள்: பாதியில் பிடுங்கினால் என்ன ஆகும், எந்த ஆண்டோடு நேரம் முடிகிறது என்பவை. அட்டவணையில் வரும் ஐநோடு என்பது ஒவ்வொரு கோப்பின் விவரங்களையும் நேரங்களையும் டிஸ்க்கில் வைக்கும் பதிவு.

| ஃபார்மட் | மாற்றிய நேரத்தின் நுணுக்கம் | எந்த நேரம் | எல்லை | எழுத முடிவது |
|---|---|---|---|---|
| ஃபேட்32 | 2 வினாடி | உள்ளூர் நேரம் | 2107 | எல்லாவற்றிலும் |
| எக்ஸ்ஃபேட் | 10 மில்லி வினாடி | உள்ளூர் நேரமும் யூடிசி வித்தியாசமும் | 2107 | விண்டோஸ், மேக், புதிய லினக்ஸ் |
| என்டிஎஃப்எஸ் | 100 நானோ வினாடி | யூடிசி | கவலையில்லை | விண்டோஸ், லினக்ஸ் |
| இஎக்ஸ்டி4, 256 பைட் ஐநோடு | 1 நானோ வினாடி | யூடிசி | 2446 | லினக்ஸ் |
| இஎக்ஸ்டி4, 128 பைட் ஐநோடு | 1 வினாடி | யூடிசி | 2038 | லினக்ஸ் |
| எச்எஃப்எஸ்+ | 1 வினாடி | யூடிசி | 2040 | மேக் |
| ஏபிஎஃப்எஸ் | 1 நானோ வினாடி | யூடிசி | கவலையில்லை | மேக் |

## ஃபேட்32

இரண்டு வினாடி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஃபேட் ஒரு கோப்பின் நேரத்துக்கு 16 பிட் ஒதுக்குகிறது. மணிக்கு 5, நிமிடத்துக்கு 6 போக, வினாடிக்கு மிஞ்சுவது 5 பிட். 5 பிட்டில் 0 முதல் 31 வரைதான் எழுத முடியும். 60 வினாடி அதில் அடங்காது. அதனால் வினாடியை இரண்டால் வகுத்து 0 முதல் 29 வரை எழுதுகிறார்கள். ஒற்றைப்படை வினாடி என்பதே ஃபேட்டில் கிடையாது. உருவாக்கிய நேரத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு பைட் உண்டு. அது 10 மில்லி வினாடி வரை போகும். கடைசியாகத் திறந்த நேரத்துக்கோ தேதி மட்டும்தான், மணியே கிடையாது.

10:20:31 என்ற நேரமுள்ள கோப்பை ஃபேட்டுக்குக் காப்பி செய்தால் லினக்ஸ் கீழே இறக்கி 10:20:30 என்று எழுதும். விண்டோஸ் மேலே ஏற்றி 10:20:32 என்று எழுதும். இதனால் விண்டோஸில் எடுத்த பேக்கப், மூலக் கோப்பைவிடப் புதியதாகத் தெரியும். ‘புதியதாக இருந்தால் மட்டும் காப்பி செய்’ என்று ஓடும் ஸ்கிரிப்ட், அந்த இடைவெளிக்குள் திருத்திய கோப்பைத் தவறவிட்டுவிடும்.

இதற்குத் தீர்வு உண்டு. காப்பி செய்யும் கருவியான ஆர்சிங்க்கில், எத்தனை வினாடி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்வது என்று சொல்லும் ‘மாடிஃபை-விண்டோ’ விருப்பத்துக்கு 1 கொடுங்கள். லினக்ஸ் மட்டும் எழுதும் டிஸ்க்குக்கு அது போதும். விண்டோஸும் அதில் எழுதுகிறது என்றால் 2 கொடுப்பது பத்திரம், ஏனென்றால் 30.3 வினாடி 32 ஆக ஏறும்போது முழு வினாடிக் கணக்கில் வித்தியாசம் 2 வந்துவிடும். விண்டோஸின் காப்பி கருவியான ரோபோகாப்பியில் இதே வேலையை ‘எஃப்எஃப்டி’ விருப்பம் செய்கிறது.

நேர மண்டலச் சிக்கல் இதைவிடப் பெரியது. ஃபேட்டில் உள்ளூர் நேரம் மட்டும் எழுதப்படுகிறது; எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு இல்லை. சென்னையில் மாலை 6 மணிக்குச் சேமித்த கோப்பு யூடிசியில் 12:30. அதன் பேக்கப் ஃபேட் டிஸ்க்கில் ‘18:00’ என்று மட்டும் இருக்கிறது. அந்த லேப்டாப்பும் டிஸ்க்கும் குளிர்காலத்தில் டொராண்டோ போய், லேப்டாப்பின் நேர மண்டலத்தையும் மாற்றியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 18:00 இப்போது டொராண்டோ நேரமாகப் படிக்கப்படும், அதாவது யூடிசி 23:00. பேக்கப்பில் உள்ள எல்லாக் கோப்பும் மூலத்தைவிடப் பத்தரை மணி நேரம் புதியதாகிவிடும். அளவும் நேரமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கருவி அத்தனையையும் திரும்பக் காப்பி செய்யும், நேரம்தான் வீண். ‘புதியது மட்டும்’ என்று ஓடும் கருவி, கடைசி பேக்கப்புக்குப் பின் பத்தரை மணி நேரத்துக்குள் திருத்திய கோப்புகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆபத்தானது இந்த இரண்டாவதுதான்.

டொராண்டோ, லண்டன் போன்ற ஊர்களில் வசிப்பவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை கடிகாரம் மாறும்போது ஒரு மணி நேரப் பிசகும் இதோடு சேரும். ரோபோகாப்பியின் ‘டிஎஸ்டி’ விருப்பம் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சரிக்கட்டும், நேர மண்டல மாற்றத்தை அல்ல. லினக்ஸில் மவுன்ட் செய்யும்போது நேர மண்டலம் யூடிசி என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே டிஸ்க் விண்டோஸில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும்.

ஒரு கோப்பு 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாகத்தான் இருக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கார் ஸ்டீரியோ, பழைய டிவி, பயாஸ் அப்டேட், 32 ஜிபி வரையிலான மெமரி கார்டு ஆகியவற்றுக்கு ஃபேட்32 இன்றும் சரி. பேக்கப் டிஸ்க்குக்கு வேண்டாம்.

## எக்ஸ்ஃபேட்

ஃபேட்டின் அதே இரண்டு வினாடிப் படிகளை வைத்துக்கொண்டு, பக்கத்தில் 0 முதல் 199 வரை எண்ணும் ஒரு பைட்டைச் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வோர் எண்ணும் 10 மில்லி வினாடி. உருவாக்கிய நேரம், மாற்றிய நேரம் இரண்டுக்கும் இது உண்டு. திறந்த நேரத்துக்குக் கிடையாது.

உண்மையான முன்னேற்றம் இன்னொன்று. ஒவ்வொரு நேரத்தோடும் அது யூடிசியிலிருந்து எவ்வளவு தள்ளியது என்ற குறிப்பும் எழுதப்படுகிறது. கணக்கு 15 நிமிடப் படிகளில். இந்திய நேரம் 330 நிமிடம், அதாவது 22 படி. டிஸ்க் எந்த நாட்டுக்குப் போனாலும் சரியான நேரத்தைக் கணக்கிட இது போதும்.

ஆனால் ‘இந்தக் குறிப்பு செல்லும்’ என்பதற்கு ஒரு தனி பிட் உண்டு. எழுதும் சாதனம் அதை ஏற்றாமல் விட்டால் படிக்கும் கணினி அதை உள்ளூர் நேரமாகவே எடுத்துக்கொள்ளும். ஃபேட்டின் பழைய பிரச்சினை அப்படியே திரும்பி வரும். கேமராவோ ரெக்கார்டரோ எழுதிய கார்டில் மட்டும் நேரம் ஐந்தரை மணி தள்ளித் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

லினக்ஸ் கெர்னலில் (அதன் மையப் பகுதியில்) முறையான எக்ஸ்ஃபேட் டிரைவர் வந்தது 5.7 பதிப்பில், மைக்ரோசாஃப்ட் 2019இல் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகுதான் அது சாத்தியமாயிற்று. மறைவான செலவு என்னவென்றால் இதில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு) இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் கோப்புப் பட்டியலே கெட்டுப்போகலாம். லினக்ஸ் அனுமதிகளும் சிம்பாலிக் லிங்க்குகளும் இதில் தங்காது. 10 மில்லி வினாடிக்குக் கீழே உள்ள இலக்கங்கள் வெட்டுப்படும்.

கேமராவில் வினாடிக்கு 10 படம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபேட்32 கார்டில் இருபது படங்கள் வரை ஒரே நேரத்தைச் சுமக்கும். எக்ஸ்ஃபேட்டில் கோட்பாட்டளவில் அவற்றைப் பிரித்தறியலாம். ஆனால் கோப்பு நேரம் என்பது கார்டில் எழுதி முடித்த நேரம், ஷட்டர் விழுந்த நேரம் அல்ல. எடுத்த வரிசை வேண்டுமென்றால் படத்துக்குள் இருக்கும் எக்ஸிஃப் தகவலின் துணை வினாடிப் புலத்தைப் பாருங்கள்.

## என்டிஎஃப்எஸ்

1601 ஜனவரி 1 முதல் எத்தனை 100 நானோ வினாடிகள் என்ற 64 பிட் எண், யூடிசியில். நேர மண்டலம் மாறினாலும் எழுதியது மாறாது. எக்ஸ்ப்ளோரரில் காட்டும் நேரம் மட்டும் மாறும். ஜர்னல் உண்டு. விண்டோஸ் மட்டும் பயன்படுத்துபவர் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

இதிலும் சில பொறிகள் உண்டு. ஒரு கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும் எல்லா ஹேண்டில்களும் (நிரல்கள் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் பிடிகள்) மூடும்வரை மாற்றிய நேரம் முழுமையாகப் புதுப்பிக்கப்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நாள் முழுக்கத் திறந்தே இருக்கும் டேட்டாபேஸையோ லாக் கோப்பையோ நேரத்தை வைத்துக் கண்காணித்தால் மாற்றம் கண்ணில் படாமல் போகலாம். இன்னொன்று, ஒரு கோப்பை அழித்துவிட்டு 15 வினாடிக்குள் அதே பெயரில் புதிதாக உருவாக்கினால், பழைய கோப்பின் உருவாக்கிய நேரமே புதியதற்கும் ஒட்டிக்கொள்ளும். பழைய நிரல்களின் வசதிக்காக வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது. உருவாக்கிய நேரத்தை வைத்துக் கணக்குப் போடும் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இதை மனதில் வையுங்கள்.

மேக்கில் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கலாம். கூடுதல் மென்பொருள் இல்லாமல் எழுத முடியாது. லினக்ஸில் 5.15 முதல் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. லினக்ஸிலிருந்து காப்பி செய்யும்போது ஒன்பது இலக்கத்தில் கடைசி இரண்டு உதிரும்.

## இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ்

இவை லினக்ஸின் ஃபார்மட்டுகள். இங்கேதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. இஎக்ஸ்டி4இல், கோப்பின் விவரங்களைக் காட்டும் ‘ஸ்டாட்’ கட்டளை ஒன்பது தசம இலக்கம் காட்டும். அதைப் பார்த்து நானோ வினாடி வரை நம்பலாம் என்று முடிவுகட்டக் கூடாது. செலவு குறையட்டும் என்று லினக்ஸ் நீண்டகாலமாகக் கோப்பு நேரத்துக்கு ஒரு கரடுமுரடான கடிகாரத்தையே பயன்படுத்தி வந்தது. கெர்னலின் டிக் ஒவ்வொன்றுக்கும்தான் அது முன்னேறும். வினாடிக்கு 250 டிக் என்று கம்பைல் செய்த கெர்னலில் 4 மில்லி வினாடிக்கு ஒருமுறை, 1000 என்றால் 1 மில்லி வினாடிக்கு ஒருமுறை, 100 என்றால் 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை. ஒரே டிக்குக்குள் ஒரு கோப்பை இருமுறை எழுதினால் இரண்டுக்கும் ஒன்பது இலக்கமும் அச்சாக ஒன்றாகவே இருக்கும்.

சாதாரணப் பயனருக்கு 4 மில்லி வினாடி ஒரு பொருட்டல்ல. நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் சர்வருக்கு அது பெரிய விஷயம். கிளையன்ட் தன் கேஷில் உள்ளது இன்னும் செல்லுமா என்று நேரத்தை வைத்துத்தான் பல சமயம் தீர்மானிக்கிறது. அதே டிக்குக்குள் வேறொருவர் எழுதியிருந்தால் பழைய தரவையே கொடுத்துக்கொண்டிருக்கும். இதைத் தீர்க்க ஜெஃப் லேட்டன் கொண்டுவந்த பல்நுணுக்க நேரமுத்திரை லினக்ஸ் 6.13இல் சேர்ந்தது. ஒரு கோப்பின் நேரத்தை யாராவது கேட்டுப் பார்த்திருந்தால் மட்டும், அடுத்த மாற்றத்துக்கு நுணுக்கமான கடிகாரத்தைப் பயன்படுத்தும். யாரும் பார்க்காத கோப்புக்கு பழைய மலிவான வழியே. 6.6இல் இதைச் சேர்த்துப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்தார்கள், ஏனென்றால் நுணுக்க நேரம் பெற்ற கோப்புக்குப் பின் எழுதிய இன்னொரு கோப்பு அதற்கு முந்தியதாகத் தெரிய வாய்ப்பிருந்தது. ‘மேக்’ போன்ற கருவிக்கு அப்படி வரிசை புரள்வது, நுணுக்கம் குறைவதைவிட மோசமானது. நுணுக்கமான நேரங்களுக்குப் பின்னால் மலிவான நேரம் ஒருபோதும் விழாதபடி ஒரு பொதுவான கீழ் எல்லையை வைத்து 6.13இல் அதைச் சரிசெய்தார்கள். இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூன்றிலும் இது வேலை செய்யும்.

மறைவான செலவு ஐநோடு அளவில் இருக்கிறது. நானோ வினாடிக்கான இடம் ஐநோடின் முதல் 128 பைட்டுக்கு வெளியே இருப்பதால், 128 பைட் ஐநோடோடு உருவான இஎக்ஸ்டி4 முழு வினாடிக்குச் சுருங்கிவிடும். அதோடு 2038க்கு மேல் தேதியும் எழுத முடியாது. இஎக்ஸ்டி3 காலத்திலிருந்து மாற்றிக் கொண்டுவந்த டிஸ்க்குகளிலும், பழைய கருவிகளால் ஃபார்மட் செய்த 512 எம்பிக்குக் குறைவான பார்ட்டிஷன்களிலும் இது இருக்கும். ‘டியூன்2எஃப்எஸ்’ கருவியின் பட்டியலில் ஐநோடு அளவு என்ற வரியைப் பாருங்கள். 128 என்றிருந்தால் தரவை வேறிடத்தில் வைத்துவிட்டுப் புதிதாக ஃபார்மட் செய்வதே நல்லது.

லினக்ஸ் கணினிகள் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இஎக்ஸ்டி4 போதும். விண்டோஸ் நண்பரிடம் டிஸ்க்கைக் கொடுக்க வேண்டியிருந்தால் இது உதவாது.

## ஏபிஎஃப்எஸ்

2017 முதல் ஆப்பிள் கருவிகளில் இருக்கும் ஏபிஎஃப்எஸ் நானோ வினாடி வரை எழுதும். அதற்கு முந்தைய எச்எஃப்எஸ்+ முழு வினாடியோடு நின்றுவிடும். பழைய எச்எஃப்எஸ்+ டிஸ்க்கிலிருந்து மாற்றிய கோப்புகளில் தசமப் பகுதி பூஜ்யமாகவே இருக்கும், போனது திரும்பாது. மேக் மட்டும் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். மற்ற இயங்குதளங்களில் தானாகத் திறக்காது.

## டிஸ்க் சரியாக இருந்தும் நேரம் உதிரும் இடங்கள்

நல்ல ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்தும் நடுவழியில் இலக்கங்களை இழப்பவர்கள் அதிகம்.

ஜிப் கோப்பின் அடிப்படை நேரம் ஃபேட் வடிவத்திலேயே இருக்கிறது: 2 வினாடி, உள்ளூர் நேரம். பல கருவிகள் கூடுதல் புலத்தில் யூடிசி வினாடியையும் எழுதுகின்றன, எல்லாம் அல்ல. கோப்புகளைக் கட்டும் கருவியான குனு டார் வழக்கமான வடிவத்தில் முழு வினாடியை மட்டுமே வைக்கும். வடிவத்தைப் போசிக்ஸ் என்று கேட்டால் தசமமும் வரும். விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி வழியாக நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிக்குப் போனால் 100 நானோ வினாடிக்குச் சுருங்கும்.

பைத்தான் எழுதுபவர்கள் மாற்றிய நேரத்தைத் தசம எண்ணாக எடுக்கக் கூடாது. இன்றைய தேதிக்கு அந்த எண்ணின் மிகச் சிறிய படி சுமார் 238 நானோ வினாடி. அதைப் படித்துத் திரும்ப எழுதினாலே நேரம் மாறிவிடும்; நானோ வினாடியை முழு எண்ணாகத் தரும் புலத்தையே பயன்படுத்துங்கள். பைத்தான் கம்பைல் செய்து வைத்துக்கொள்ளும் பைசி கேஷ், மூலக் கோப்பின் நேரத்தை முழு வினாடியிலும் அளவைப் பைட்டிலும் மட்டுமே குறித்துக்கொள்கிறது. ஒரே வினாடிக்குள் 1ஐ 2 ஆக மாற்றி இம்போர்ட் செய்தால் அளவும் மாறாது, வினாடியும் மாறாது. டிஸ்க் எதுவாக இருந்தாலும் பழைய நிரலே ஓடும். தானியங்கிச் சோதனைகளில் இது நிஜமாகவே வந்து மாட்டும்.

நிரலின் பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட் கருவி இதைச் சரியாகக் கையாள்கிறது. தன் கோப்புப் பட்டியலான இன்டெக்ஸை எழுதிய நேரத்துக்குச் சமமாகவோ பிந்தியோ நேரம் உள்ள கோப்பை அது நம்புவதில்லை. உள்ளடக்கத்தையே படித்து ஒப்பிடும். ‘நேரம் சமமாக இருந்தால் சந்தேகப்படு’ என்பதை உங்கள் ஸ்கிரிப்ட்டிலும் பின்பற்றலாம்.

## யாருக்கு எது

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கை மாறும் டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட், கூடவே ஒப்பிடும் கருவியில் 1 வினாடி சலுகை. ஒரே இயங்குதளக் குடும்பத்தில் மட்டும் இருக்கும் டிஸ்க் என்றால் அந்தக் குடும்பத்தின் சொந்த ஃபார்மட். நிரல் எழுதும் ஃபோல்டரை ஃபேட்டிலோ எக்ஸ்ஃபேட்டிலோ வைக்காதீர்கள். கம்பைல் வேகமாக நடக்கும் கணினியில் மூலமும் விளைவும் ஒரே படியில் விழும். இரண்டும் சமமாக இருந்தால் ‘மேக்’ விளைவைப் பழையதாகக் கருதாது.

ஒரு கோப்புகூடத் தவறக் கூடாது என்ற ஆவணங்களுக்கு நேரத்தை விட்டுவிட்டு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடுங்கள். விலை வாசிப்பு நேரம்தான். வினாடிக்கு 100 எம்பி படிக்கும் யூஎஸ்பி டிஸ்க்கில் 1 டிபி படிக்க 10,000 வினாடி, ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி. தினமும் நேரத்தை வைத்தும், மாதம் ஒருமுறை செக்சம் வைத்தும் ஓட்டுவது எனக்குச் சரியான சமரசமாகப் படுகிறது.

## வாங்கியவுடன் சோதிக்க

லினக்ஸிலோ மேக்கிலோ உள் டிஸ்க்கில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, அதன் மாற்றிய நேரத்தை ‘டச்’ கட்டளையால் 10:20:31.123456789 என்று வையுங்கள். ஒற்றைப்படை வினாடியாக இருப்பது முக்கியம். நேரத்தைப் பாதுகாக்கும் விருப்பத்தோடு வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்து, முறையாகக் கழற்றி, மறுபடி மாட்டுங்கள். கழற்றாமல் பார்த்தால் டிஸ்க்கில் இருப்பதைப் பார்க்கிறீர்களா, நினைவகத்தில் இருப்பதையா என்று சொல்ல முடியாது. பிறகு ‘ஸ்டாட்’ கொண்டு வினாடியைப் பாருங்கள்.

- 30 அல்லது 32 என்றால் ஃபேட்.
- 31.12 என்றால் எக்ஸ்ஃபேட் ஒழுங்காக வேலை செய்கிறது.
- 31.1234567 என்றால் என்டிஎஃப்எஸ், அல்லது வழியில் எஸ்எம்பி இருக்கிறது.
- ஒன்பது இலக்கமும் வந்தால் இஎக்ஸ்டி4 அல்லது ஏபிஎஃப்எஸ், இழப்பு எதுவும் இல்லை.
- தசமம் முழுக்கப் பூஜ்யம் என்றால் எச்எஃப்எஸ்+, 128 பைட் ஐநோடு, அல்லது காப்பி செய்யும் கருவி. கருவியை மாற்றி இன்னொரு முறை பாருங்கள்.
- வினாடி சரியாக இருந்து மணி மட்டும் தள்ளியிருந்தால் அது நேர மண்டலக் கோளாறு. முதல் பேக்கப்பை ஓட்டும் முன்பே அதைத் தீர்த்துவிடுங்கள்; ஆயிரக்கணக்கான கோப்புகள் ஏறிய பிறகு எவற்றின் நேரம் சரி, எவற்றின் நேரம் தவறு என்று பிரித்தெடுக்க வழியில்லை.